தோளில் ஏறிய வெள்ளாடு

கோபம் வந்தால் மார்த்தா ஆட்களை விட்டுவிட்டுச் சாமான்களோடு சண்டை பிடிப்பாள். அன்றைக்கு அகப்பட்டது பெயின்ற் வாளி.

“மூடியைத் திறக்கவும் உனக்குப் பஞ்சியோ? திற எண்டுறன், விசர் வாளி!”

வாளி என்ன செய்தது, பாவம்! கோபமெல்லாம் பாதர் மேலே. அவர் ஊருக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்தோனியார் கோயிலுக்குக் கூரைத் தகரம் போட்டுவிட்டார், சண்டையில் செல் விழுந்து பிளந்த சுவரைப் பூசிவிட்டார், மணிக்குக் கயிறும் வாங்கிக் கட்டிவிட்டார். சனம் இன்னும் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே வெந்துகொண்டிருக்க அந்தோனியாருக்கு முதலில் வீடு கிடைத்துவிட்டது என்று ஊருக்குள் ஒரு முணுமுணுப்பு இருந்தது. ஆனால் ஆளைக் குறை சொல்லவும் முடியாது. மண் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். திருநாளுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது அவர் மார்த்தாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“ரீச்சர், பீடத்துக்கு வலது பக்கச் சுவர் வெறுமையாய்க் கிடக்கு. ஒரு படம் கீறித் தாங்கோ. எங்கட பிள்ளையளில பாதிக்கு மேல எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாது. வாசிக்கப் பழகிற வயசில ஓடித் திரிஞ்சதுகள். சுவரில கதை இருந்தால் பார்த்தாவது விளங்கிக்கொள்ளுங்கள்.”

“அதுக்கென்ன பாதர். அஞ்சு அப்பமும் ரெண்டு மீனும் கீறுவம். எங்கட சனத்துக்கு மீன் விளங்கும்.”

“இல்லை ரீச்சர். நல்ல ஆயன். துலைஞ்ச ஆட்டைத் தேடித் தோளில தூக்கி வாறாரே, அந்தப் படம்.”

மார்த்தா அவசரமாக வேறு படத்துக்குத் தாவினாள். “பேதுருவானவர் வலை போடுறதைக் கீறுவமோ? வள்ளம் எண்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு கீறுவன்” என்றாள். அது பொய்யில்லை. அவள் தாழ்வுபாட்டில் பிறந்தவள். சின்ன வயதிலேயே தகப்பனோடு கரையில் குந்தியிருந்து வள்ளங்களுக்குப் பெயரும் மாதா படமும் எழுதிப் பழகிய கை அது. வேலை கிடைத்துத்தான் இந்தப் பக்கம், இலுப்பைக்கடவை றோட்டிலிருந்து கடலுக்கு இறங்கும் கிறவல் பாதை முடிகிற இந்தச் சின்ன ஊருக்கு வந்து, கலியாணமும் கட்டாமல், முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பித்துக்கொண்டு கிடக்கிறாள்.

“சனம் கேட்டது ஆட்டுப்படத்தைத்தான்” என்றார் பாதர்.

“எந்தச் சனம்?”

“செலீனா அக்கா.”

“சரி, கீறுறன்” என்றாள் மார்த்தா.

செலீனா, கடலுக்குப் போகிற சிங்கராசாவின் மனைவி. கரையில் கருவாடு காயப்போடுகிறவள். காணாமல் போன சுவேதினியின் தாய். பிள்ளை கோயிலில் முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, எடுத்த அன்றைக்கு வெள்ளைச் சட்டையும் தலையில் பூமுடியுமாகப் பிடித்த படம் ஒன்றைப் பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்து, முகாமுக்கு முகாம், அரசாங்கக் கந்தோருக்குக் கந்தோர் கொண்டு திரிந்தவள். எத்தனை இடத்தில் பதிந்து கொடுத்தாள் என்று அவளுக்கே இப்போது நினைவில்லை. யாராவது புது ஆள் ஊருக்கு வந்தால் முதல் வேலையாக அந்தப் படத்தை எடுத்து நீட்டுவாள். பாதர் வந்த அன்றும் நீட்டினாள்.

இனிக் கதையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, தவக்காலம். முதல் நன்மைக்குப் பதினொரு பிள்ளைகள் படித்தார்கள். காணாமல் போன ஆட்டின் கதையை மார்த்தா வேதாகமத்தில் இருந்தபடியே வாசித்தாள். ஒன்று கொட்டாவி விட்டது, இன்னொன்று பக்கத்துப் பிள்ளையின் பின்னலை அவிழ்த்தது. பழைய கலண்டர்ப் படத்தைக் காட்டினாள். பச்சைப் பசேல் என்ற புல்வெளி, பஞ்சு மூட்டைபோல மயிர் சுருண்ட ஒரு செம்மறி.

“ரீச்சர், இது நாயோ?” என்றான் ஒருவன்.

மார்த்தாவுக்கு ரோசம் வந்துவிட்டது. அன்று பின்னேரமே ஒரு பிறிஸ்டல் போட் அட்டை வாங்கி விரித்தாள். புல்லாவது மண்ணாவது! உடைமுள்ளும் வெள்ளை மணலும் கீறினாள். ஆண்டவருக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்க வைத்தாள். அவருடைய தோளில், ஊருக்குள் வேலி வேலியாக மேய்ந்து திரிகிற அதே வெள்ளாட்டுக் குட்டி. மண்ணிற உடம்பு, தொங்கும் காது, நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டி.

கோயில் மூப்பர் பஸ்ரியன் அதைப் பார்த்துவிட்டுக் கொதித்தார். “செம்மறி வலது பக்கம், வெள்ளாடு இடது பக்கம். தீர்வை நாள் வேதம் வாசிக்கேல்லையோ நீ? நரகத்துக்குப் போறதைத் தூக்கி ஆண்டவற்ர தோளில ஏத்திப்போட்டாய் பிள்ளை!”

“உந்தப் பஞ்சு மூட்டையை இஞ்ச எந்தப் பிள்ளை கண்டது மூப்பர்? கண்டதைக் காட்டினால்தானே காணாதது விளங்கும்?” என்று மார்த்தா திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கு அன்றைக்குத் தன்னைப் பற்றி நல்ல பெருமை. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

அடுத்த ஞாயிறு படத்தைச் சுவரில் குத்தியதும் பதினொரு பிள்ளைகளும் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தரும் கொட்டாவி விடவில்லை. எட்டு வயதுச் சுவேதினி மட்டும் படத்துக்குக் கிட்டப் போய், ஆட்டின் நெற்றியில் விரலை வைத்தாள்.

“ரீச்சர், இது எங்கட சுட்டியோ?”

சிங்கராசா வீட்டில் ஏழு ஆடு நின்றது. கடைசிக் குட்டிக்குப் பெயர் சுட்டி. அது தாயோடு நின்றதைவிடச் சுவேதினியின் காலுக்குள் நின்றதுதான் கூடுதல். மார்த்தா ‘இல்லை பிள்ளை, இது சும்மா ஒரு ஆடு’ என்று சொல்லியிருக்கலாம். பிள்ளையின் முகம் அப்படி விரிந்து கிடக்கும்போது யாருக்குத்தான் மனம் வரும்?

“ஓம்” என்றாள்.

“அப்ப சுட்டி துலைஞ்சால் ஆண்டவர் தேடிப் போவாரோ?”

“ஓம். நாங்களும் அப்பிடித்தான். மிச்சம் எல்லாம் நிக்குதெண்டு ஒண்டை விட்டிட்டுப் போகக்கூடாது.”

பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டது. அந்த வருடம் அப்போதிருந்த பாதர் கேள்வி கேட்டபோது பதினொரு பேரிலும் வடிவாகக் கதை சொன்னவள் அவள்தான்.

ஆடி மாதம் செல்லடி ஊருக்குக் கிட்ட வந்தது. ஒரு காலையில் எல்லாரும் கையில் பிடித்ததைத் தூக்கிக்கொண்டு உழவு மெசின்களின் இழுவைப் பெட்டிகளில் ஏறினார்கள். மார்த்தா கோயிலுக்குள் ஓடினாள். பீடத்தில் இருந்த அந்தோனியார் சொரூபத்தை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மூன்றடிச் சொரூபம், சரியான பாரம். அப்போது சுவேதினி றோட்டால் திரும்பி ஓடி வந்தாள். மெசின் நிற்கிற பக்கத்திலிருந்து வீட்டுப் பக்கமாக.

“எங்கயடி போறாய்?”

“ரீச்சர், ஆறு ஆடும் நிக்குது. சுட்டியைக் காணேல்லை. ஒண்டை விட்டிட்டுப் போகக்கூடாதெல்லோ?” ஓடியபடியே திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். “போட்டு வாறன் ரீச்சர்!”

ஒரு கை நீட்டினால் சட்டையைப் பிடித்திருக்கலாம். மார்த்தாவின் இரண்டு கையிலும் அந்தோனியார் இருந்தார். கீழே போட்டால் சொரூபம் உடைந்துவிடும் என்று அந்த ஒரு கணம் யோசித்தாள். யோசித்து முடிய, பிள்ளை வேலிக்கு அங்கால் போய்விட்டது. அதன் பிறகுதான் கரைப் பக்கம் செல் விழத் தொடங்கியது.

சிங்கராசா மெசினிலிருந்து குதித்துத் திரும்பி ஓடினான். அரை மணித்தியாலம் தேடினான். பிள்ளையும் இல்லை, ஆட்டுக்குட்டியும் இல்லை, இரத்தமும் இல்லை. வேறு ஒரு மெசினில் ஆட்டுக்குட்டியோடு ஒரு பெட்டைப் பிள்ளை இருந்ததைக் கண்டதாகப் பிறகு யாரோ சொன்னார்கள். அந்த யாரோ யார் என்று கடைசி வரை பிடிபடவில்லை. அந்தோனியார் மட்டும் சுகமாக வன்னி முழுக்கச் சுற்றி, ஒரு விரல்கூட உடையாமல் ஊர் திரும்பினார். இன்றைக்குப் பீடத்தில் இருக்கிறவர் அவர்தான்.

பிள்ளை தன்னைத் தாண்டித்தான் போனது என்று மார்த்தா ஒருவரிடமும் சொல்லவில்லை. முதலில் சொல்ல நேரமில்லை, ஓட்டம். பிறகு முகாமில் செலீனா பைத்தியம்போல் திரிந்தாள், அவளிடம் போய் எப்படி? பிறகு சொல்லாமல் விட்டதே பெரிய குற்றமாக வளர்ந்து, வாயைத் திறந்தால் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது. பாதரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைச் சுற்றிச் சுற்றித்தான் போனாள். மூன்று வருடம் இப்படியே போய்விட்டது.

அதனால்தான் பெயின்ற் வாளிக்கு அந்த ஏச்சு.

படத்தைக் கீறாமல் விடவும் வழியில்லை, கேட்டது செலீனா. மார்த்தா ஒரு உபாயம் பண்ணினாள். கலண்டர்க்காரன் கீறுவதுபோலவே கீறுவோம். எந்தப் பிள்ளையும் தன்னுடையது என்று சொல்ல முடியாத ஒரு ஆடு. நாய் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். மூன்று நாளில் பச்சைப் புல் வளர்ந்தது, ஆண்டவருக்குச் செருப்பு வந்தது, தோளில் வெள்ளை வெளேர் என்று ஒரு பஞ்சு மூட்டை ஏறியது. பஸ்ரியன் மூப்பர் வந்து பார்த்து, “இப்பதான் உனக்குப் புத்தி வந்திருக்கு” என்று மெச்சிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் செலீனா வந்தாள். கருவாட்டு உப்பு கையில் காய்ந்தபடி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவருக்கு முன்னால் நின்றாள். தோளில் ஏறிய ஆட்டை உற்று உற்றுப் பார்த்தாள்.

“என்ன செலீனா, வடிவில்லையோ?”

“இது ஆர்ர ஆடு ரீச்சர்?”

“ஆண்டவற்ர ஆடு.”

“எனக்கு ஆளைப் பிடிபடேல்லை. முந்தி நீங்கள் அட்டையில கீறினதெல்லோ, அந்த ஆட்டைக் கீறுங்கோ. சுவேதினி வந்து ‘சுட்டி கோயில்ல இருக்கம்மா, ஆண்டவர் தூக்கி வைச்சிருக்கிறார்’ எண்டு ஒரு கிழமையாய் அலட்டினவள்.”

“வெள்ளாடு கூடாதாம். மூப்பர் சண்டைக்கு வருவார்.”

“வரட்டும், நான் கதைக்கிறன்.” செலீனா மர வாங்கில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: “உங்களுக்கு ஒண்டு சொல்லவோ ரீச்சர்? அவர் தேடிப் போறாரே, அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேணும் எனக்கு. நான் தேடேல்லையெல்லோ. மெசினில மற்றப் பிள்ளையள், றோயும் சின்னவனும், விட்டிட்டு இறங்க ஏலாது. அதைவிட அவளைத் துரத்தினதே நான்தான்.”

“என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?”

“ஆடுகளை மெசினில கட்டேக்க குட்டியைக் காணேல்லை. எனக்கு அந்த அவதியில கோவம். ‘சனியன், ஒரு குட்டியைக் கூடப் பிடிச்சுக் கட்டத் தெரியேல்லை, நீயெல்லாம் ஏன் பிறந்தனீ’ எண்டு முதுகில அடிச்சுப்போட்டன். திரும்பிப் பார்க்கப் பிள்ளை இல்லை. என்னோட கோவிச்சுக்கொண்டு அழுதழுது போயிருக்கு. எட்டு வயசுப் பிள்ளை, ரீச்சர். ஏன் பிறந்தனீ எண்டு கேட்டிருக்கிறன்.”

அவள் அழவில்லை. கண்ணீர் வற்றிப்போன குரல் அது. எழுந்து போய்விட்டாள்.

இத்தனை நாளும் தன் பாவம் தன்னோடு என்றல்லவா மார்த்தா நினைத்திருந்தாள்! தான் வாயை மூடிக்கொண்டிருந்த மூன்று வருடமும் அந்தப் பாரத்தை இந்த மனிசி தன் தலையில் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாளே! பிள்ளை அழுதுகொண்டு போகவில்லை. சிரித்துக்கொண்டு போனது. அதைக் கண்டது உலகத்தில் ஒரே ஒரு ஆள். அந்த ஒரு ஆள் செம்மறிக்கு மயிர் சுருட்டிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் காலை அவள் மண்ணிறம் கலந்தாள். பஞ்சு மூட்டைக்கு மேலே பூசினாள். வெள்ளை லேசில் மறையவில்லை, மூன்று பூச்சுப் பிடித்தது. “போவன், உனக்கு இஞ்ச என்ன வேலை” என்று அதையும் ஏசினாள். புல்லுக்கு மேலே மணல் போட்டாள். உடைமுள் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். காதைத் தொங்கவிட்டாள். அதற்கு அடுத்த நாள் மத்தியானம் எல்லாம் முடிந்தது. நெற்றியில் ஒரு பொட்டு வெள்ளை மட்டும் பாக்கி. பெயின்ற் பூசுகிற பிறஸைத் தொட்டெடுத்து மூன்று தரம் கையை உயர்த்தினாள். கை போகமாட்டேன் என்றது.

பின்னேரம் செலீனா வந்தாள். படத்தைக் கண்டதும் அவளுடைய முகம் இளகியது.

“இதுதான். இதுதான் ரீச்சர்! ஆனால் சுட்டி வைக்கேல்லையே?”

மார்த்தா வாங்கைக் காட்டி, “இரு செலீனா” என்றாள். தான் நின்றபடியே, பிறஸைக் கையில் வைத்தபடியே சொல்லத் தொடங்கினாள். ஒளிக்கவில்லை. பிள்ளை கேட்டதையும் தான் ‘ஓம்’ என்றதையும் சொன்னாள். ஒன்றை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று படிப்பித்ததையும் கோயில் வாசலையும் அந்தோனியாரையும் சொன்னாள். ஒரு கை நீட்டினால் பிடித்திருக்கலாம் என்பதையும் சொன்னாள்.

“அவள் உன்னோட கோவிச்சுக்கொண்டு போகேல்லை. நீ அடிச்சது அவளின்ர நினைவிலயும் இல்லை. நான் படிப்பிச்சதைச் செய்யத்தான் போனவள். சிரிச்சுக்கொண்டு போனவள். ‘போட்டு வாறன் ரீச்சர்’ எண்டவள்.”

செலீனா வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னுக்குச் சாய்ந்தாள்.

“அழேல்லையோ?”

“இல்லை.”

“சிரிச்சவளோ?”

“ஓம்.”

“வாறன் எண்டு சொன்னவளோ? வடிவாய் யோசிச்சுச் சொல்லுங்கோ. போறன் எண்டோ, வாறன் எண்டோ?”

“போட்டு வாறன் எண்டுதான் சொன்னவள்.”

“வாறன் எண்டவள்?”

“ஓம்” என்றாள் மார்த்தா. அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்த பிறகுதான், தான் மறுபடியும் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்கு விளங்கியது. உண்மையைத் தவிர வேறொன்றும் அவள் சொல்லவில்லை. அன்றைக்கு ஒரு பிள்ளையை ஓட வைத்த அதே சொல், இனி இந்தத் தாயைச் சாகும் வரைக்கும் வாசலில் இருத்தி வைக்கப் போகிறது.

செலீனா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். மூன்று வருடமாக வராத அழுகை. மார்த்தா அவளுடைய தோளைத் தொடப் போனாள். செலீனா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“படம் கீறினதுக்கு உங்களை நான் ஒண்டும் சொல்லமாட்டன். பிடிக்காமல் விட்டதுக்கும் சொல்லமாட்டன், நானும்தான் பிடிக்கேல்லை. ஆனால் என்ர பிள்ளை கடைசியாய்ச் சொன்ன சொல், அது என்ர. எனக்கு வர வேண்டிய சொல். அதை மூண்டு வருசம் உங்கட வயித்துக்குள்ள வைச்சுக்கொண்டு எனக்கு முன்னால இருந்து செபம் சொன்னனீங்களே. எப்பிடி மனம் வந்தது உங்களுக்கு? எப்பிடி?”

மார்த்தா பிறஸை வாளியின் விளிம்பில் வைத்தாள்.

செலீனா எழுந்தாள். வெள்ளை பெயின்ற் வாளிக்குள் உப்புக் காய்ந்த ஆள்காட்டி விரலை விட்டாள். பிறஸ் பிடித்து அறியாத கை. சுவருக்குக் கிட்டப் போய், மகள் முன்பு தொட்ட அதே இடத்தில், ஆட்டின் நெற்றியில் விரலை அழுத்தி வைத்தாள். பெயின்ற் கொஞ்சம் ஒழுகிக் கண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதைத் துடைக்கவில்லை.

“இந்தப் பக்கத்தில மணல் வெறுமையாய்க் கிடக்கு” என்றாள், சுவரைப் பார்த்தபடியே. “நீங்கள் இரக்கப்பட்டு அவளையும் இதில கீறிப்போடுவியள். கீறாதையுங்கோ. செத்த ஆக்களைத்தான் சுவரில வைக்கிறது. அவள் வாறன் எண்டவள்.”

வாசலில் நின்று செருப்பைப் போட்டாள். இந்த ஊரில் சின்னப் பிள்ளைகூட, போய்த் திரும்பி வருவேன் என்கிற அந்தப் ‘போட்டு வாறன்’ சொல்லாமல் படி இறங்காது.

“நான் போறன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.